கையெழுத்துப் போட்டு சீல் வைத்த வெப்சைட்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் ரூமில் வேலைக்குச் சேர்ந்து, அதே ரூமிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இடையில் அந்த ரூமுக்கு ஏசி வந்தது. சொல்லிக்கொள்ளும்படி வேறு முன்னேற்றம் எதுவும் இல்லை. இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் இளைய புரோகிராமர்களான உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். புரோகிராம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். அதை என் முகத்துக்கு நேராகவே சொல்லியும் இருக்கிறீர்கள். எங்கள் கம்பெனி வெப்சைட்டுக்கு நேர்ந்த கதியை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனியில் 'பிரவுசர்' என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திரையில் அதற்கு இருக்கும் படம்தான் பெயர். ஷிப்பிங் செக்ஷனில் ஒரு பழைய நீல எழுத்து, 'e', இருந்தது. அவர்களுக்கு அதுதான் இன்டர்நெட். ஏற்றுமதிப் பத்திரங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட ஒரு சாவி கொடுத்திருந்தார்கள், பென்டிரைவ் மாதிரி. அது அந்த நீல எழுத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதனால் அந்தக் கம்ப்யூட்டரை அப்டேட் செய்யக் கூடாது, துடைக்கக் கூடாது, நகர்த்தவும் கூடாது. ஆயுத பூஜைக்கு அதற்கு மட்டும் இரண்டு பொட்டு.

ஆள் சேர்ப்பு மேனேஜர் தேவசகாயத்துக்கு கலர் வட்டம். முதலாளிக்கு நரி. அவருடைய மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் முன் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனது. "பையன் போட்டுக் குடுத்ததுப்பா, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்பார். மகன் வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். நரி தினமும் இருந்தது.

இப்படி மூன்று இன்டர்நெட் உள்ள கம்பெனிக்கு ஒரு வெப்சைட் தேவைப்பட்டது. காரணம் இதுதான். குடியாத்தம் பக்கம் புதிதாக ஒரு தையல் யூனிட் திறக்க முதலாளி யோசித்துக்கொண்டிருந்தார். ஆள் எடுப்பதில் ஏஜென்ட், சிபாரிசு எதுவும் இருக்கக் கூடாது என்று, எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை வேண்டும் என்பவர்கள் வெப்சைட்டில் தாங்களே விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே கம்பெனியில் இருப்பவர்கள் புது யூனிட்டில் சூப்பர்வைசர் ஆக வேண்டுமென்றாலும் அதே வழிதான். போதிய பெண்கள் விண்ணப்பித்தால் யூனிட் குடியாத்தத்தில். இல்லாவிட்டால் ஆந்திரா பக்கம் போய்விடும். அங்கே நிலம் தயாராக இருந்தது.

இதில் எல்லோரையும்விட அதிக ஆர்வமாக இருந்தவர் சுலோச்சனா. எங்கள் ஃபைனல் செக்கிங் செக்ஷனில் செக்கர். குடியாத்தத்துக்காரர், வீட்டுக்காரர் லுங்கித் தறி ஓட்டுகிறார். இருட்டோடு எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஆம்பூர் வந்து, மறுபடி இருட்டும் நேரத்தில் வீடு போய்ச் சேருவார். யூனிட் குடியாத்தத்தில் வந்தால் நடந்து போகலாம். அனுபவத்துக்கு சூப்பர்வைசர் வேலையும் கிடைக்கும். "வந்தா பகல்ல எங்க வீடு எப்டி இருக்கும்னு பாத்துக்குவேன் சார்" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரிக்காமல்தான் சொன்னார்.

வெப்சைட்டைச் செய்தது ஜான்சி. காட்பாடியில் படித்துவிட்டு என் கீழே சேர்ந்த பெண். நன்றாகவே செய்திருந்தாள். சின்னத் திரையில் திறந்தால் பக்கம் தானாகச் சுருங்கி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். பெரிய திரையில் அகலமாக விரியும். உங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்கள் முதலாளிக்கு இதுதான் விஷயம்.

மூன்று செக்ஷனிலும் சுற்றிப் பார்த்துவிட்டு என் ரூமுக்கு வந்தார். "இன்னாப்பா இது? ஒவ்வொரு டேபிள்ல ஒவ்வொரு மாதிரி வருது. இங்க எழுத்து பெருசு, அங்க சின்னது. தேவசகாயம் கிட்ட நீலம் ஒரு ஷேட் ஜாஸ்தி. இத வெளிய அனுப்பினா பையர் என்னான்னு நினைப்பான்?"

"சார், ஒவ்வொரு பிரவுசரும் கொஞ்சம் வேற மாதிரிதான் காட்டும். வேலை நடந்தா போதும்."

"வேலை நடந்தா போதும்னு ஷூ அனுப்ப முடியுமாப்பா?"

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு மாடலை பையர் ஒப்புக்கொண்டால் அந்த ஒரு ஜோடியில் கையெழுத்துப் போட்டு, டேக் கட்டி, சீல் வைத்துக் கொடுத்துவிடுவார். அதற்குப் பெயர் சீல்டு சாம்பிள். அதற்குப் பிறகு லைனில் வரும் ஜோடிகளை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு தையல் கூடினாலும் ரிஜெக்ட், குறைந்தாலும் ரிஜெக்ட். சாம்பிளில் ஒரு தப்பு இருந்தால் எல்லா ஜோடியிலும் அந்தத் தப்பு இருந்தாக வேண்டும். முதலாளி பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு சண்டை வந்தால் அவர் மனசு எங்கே போகும்?

தன் மேஜையில், நரியில், அந்தப் பக்கத்தைத் திறந்து கலர் பிரின்ட் எடுத்தார். மூலையில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டார். கம்பெனி முத்திரை குத்தினார். லேமினேட் செய்து என் கையில் கொடுத்தார்.

"இதான் சாம்பிள். எல்லா டேபிள்லயும் இத மாதிரியே வரணும். வந்ததும் சொல்லு, சுலோச்சனாவ அனுப்பறேன்."

ஒரு வெப்சைட்டுக்கு சீல் வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

என்னால் முடிந்தவரை வாதாடினேன். எனக்கே பிடித்த ஒரு வாதம் கையில் இருந்தது. "சார், ஒரே மாடல்ல சின்ன சைஸும் போடறோம், பெரிய சைஸும் போடறோம். ரெண்டும் ஒரே ஷூதான். ஆனா பக்கத்துல வெச்சா ஒண்ணு மாதிரியா இருக்கு? கால் வேற, அதனால சைஸ் வேற. அது மாதிரிதான் திரையும்."

முதலாளி யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். பிறகு, "அது ஷூ. இது பேப்பர்" என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்.

சுலோச்சனா வந்தார். ஏப்ரன் பாக்கெட்டில் ஸ்கேல், இன்னொரு பாக்கெட்டில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஷூவில் எங்கே குறையோ அங்கே ஒட்டுகிற ஸ்டிக்கர் அது. லேமினேட் பேப்பரை மானிட்டர் பக்கத்தில் நிறுத்தி, ஸ்கேல் வைத்து அளந்தார். ஜான்சியின் கம்ப்யூட்டரில் தலைப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. மானிட்டர் மேலேயே ஸ்டிக்கரை ஒட்டினார். ஷிப்பிங் செக்ஷனின் நீல எழுத்தில் அத்தனை குறை இருந்தது. அந்த மானிட்டர் அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஜான்சிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அளவுகளை இறுக்கினாள். தானாகச் சுருங்கி அடுக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பிடுங்கி எறிந்தாள். விண்டோவைச் சின்னதாக்கினால் பக்கம் சாம்பிள் மாதிரி இல்லை என்று சுலோச்சனா ரிஜெக்ட் செய்திருந்தார். கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. தேவசகாயத்தின் மானிட்டர் கொஞ்சம் சின்னது. அதில் பக்கத்தை ஸ்க்ரோல் செய்து மேலே தள்ளினால்தான் அடியில் வலது ஓரத்தில் இருந்த 'விண்ணப்பிக்க' என்ற பச்சை பட்டன் தெரியும்.

"சாம்பிள்ல நகர்றது இல்லயே சார்" என்றார் சுலோச்சனா.

முதலாளியிடம் போனோம். "பேப்பர் எங்கயாவது நகருமா?" என்றார் அவர்.

ஆகவே பக்கம் நகரக் கூடாது என்று ஜான்சி ஒரு வரி எழுதினாள். தேவசகாயத்துக்கு ஒரு பெரிய மானிட்டர் வாங்கிக் கொடுத்தோம். அன்று மாலை சுலோச்சனா எல்லா கம்ப்யூட்டரையும் பார்த்து, லேமினேட் பேப்பரின் பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதில் 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முதலாளியிடம் கொடுத்தார். அவ்வளவு சுத்தமாக பாஸ் ஆன வெப்சைட் இந்த ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

"சார், போன்ல எப்டி வருதுன்னு பாக்கவே இல்லயே" என்று ஜான்சி என்னிடம் கேட்டாள். சரியான கேள்வி. ஆனால் எங்கள் கம்பெனிக்குள் போன் கிடையாது. யாரோ ஒருவர் புது மாடலைப் போட்டோ எடுத்து வெளியே அனுப்பிவிட்டார் என்று பெரிய பேஜார் ஆகி, அதிலிருந்து எல்லோரும் கேட்டில் செக்யூரிட்டியிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அங்கே புறாக்கூண்டு மாதிரி ஒரு பெரிய ரேக். லைன் ஆட்கள் முதல் நான்வரை எல்லோருடைய போனும் அதில் தூங்கும். முதலாளிக்கு மட்டும் விலக்கு. அவர் தன் போனில் திறந்து பார்த்தார். விலை உயர்ந்த போன். "அருமையா வருது" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. அவரே பார்த்துவிட்டாரே என்று, வீட்டுக்குப் போய் எங்கள் போனில் நாங்களும் திறந்து பார்க்கவில்லை.

வெப்சைட் வெளியானது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமெல்லாம் நோட்டீஸ் ஒட்டினோம். விண்ணப்பம் வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. தேவசகாயம் தினமும் காலையில் பெரிய மானிட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு டீ குடிக்கப் போவார்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். "பாத்தியா? யாருக்கும் வேலை வேணாம். எல்லாரும் வீட்லயே இருந்துக்கறாங்க. நாளைக்கு ஆந்திராகாரங்க வர்றாங்க. கையெழுத்துப் போட்டுடறேன்." கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அவருக்கும் குடியாத்தம்தான் இஷ்டம்.

ஜான்சியும் நானும் ரூமுக்கு வந்து, பக்கத்துக்கு யார் யார் வந்து போயிருக்கிறார்கள் என்ற பதிவைத் திறந்தோம். ஏகப்பட்ட பேர் வந்திருந்தார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் போனிலிருந்து. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எங்கேயும் தொடாமல், போயிருந்தார்கள். சிலர் மறுநாளும் வந்திருந்தார்கள்.

முதலாளியிடம் திரும்பப் போய் இதைச் சொன்னேன். "நம்பர் எல்லாம் எனக்கு வேணாம்ப்பா. சாமானைக் காட்டு" என்றார்.

சாமான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "ஷிஃப்ட் முடியற நேரம் சார். கேட்டுக்கு வாங்க. சாம்பிளையும் எடுத்துக்குங்க" என்றேன்.

இளையவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்குப் பயமாக இருந்தது. நான் நினைத்தது தப்பாக இருந்தால், முதலாளியை வீணாகக் கேட்டுக்கு இழுத்துப் போன ஆள் என்று பெயர் வாங்கியிருப்பேன். இன்னொன்றும் யோசித்தேன். முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது வேலை தேடும் பக்கத்தைத் திறந்து காட்டு என்றால் எந்தப் பெண் காட்டுவாள்? யார் கண்டார்கள், உள்ள வேலையும் போகலாம். அதனால் முதலில் யாரைக் கேட்பது என்று தீர்மானித்துக்கொண்டுதான் நடந்தேன்.

சங்கு ஊதியது. பெண்கள் ரேக்கிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள். முதலாளியைப் பார்த்ததும் ஓட்டம் நடையாகி, நடை நின்றுவிட்டது.

"சுலோச்சனா, ஒரு செக்கிங் பாக்கி இருக்கு" என்றேன். "உங்க போன்ல நம்ம பக்கத்தத் திறந்து, சாம்பிளோட வெச்சுப் பாருங்க."

அவர் முகம் மாறியது. திறக்கத் தயங்கினார். பஸ் டிரைவர் ஹார்ன் அடித்தார். முதலாளி திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் ஹார்ன் நின்றது. சுலோச்சனா போனைத் திறந்தார். லேமினேட் பேப்பரைப் பக்கத்தில் பிடித்தார்.

பக்கத்தின் இடது மேல் மூலை மட்டும் தெரிந்தது. கம்பெனி பெயரில் பாதி, எங்கள் கட்டடத்தின் போட்டோவில் ஒரு தென்னை மரம். பெரிய பேப்பரை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி. தள்ளினார், நகரவில்லை. பட்டன் வலது அடியில், யாராலும் போக முடியாத இடத்தில் இருந்தது.

"என் போன்ல வருதேப்பா!" என்றார் முதலாளி. தன் போனை எடுத்துத் தள்ளிக் காட்டினார். அவருடையதில் நகர்ந்தது, பட்டன் வந்தது.

எங்களோடு கேட்டுக்கு வந்திருந்த ஜான்சி விளக்கினாள். நகரக் கூடாது என்று நாங்கள் எழுதிய வரியை முதலாளியின் விலை உயர்ந்த போன் மதிக்கவில்லை. அது பாட்டுக்கு நகர்ந்தது. மற்றவர்களுடைய போனெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டன.

முதலாளி அடுத்த பெண்ணிடம் கை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். தென்னை மரம். அதற்கடுத்தவள். தென்னை மரம். சுலோச்சனா தன்னை அறியாமல் ஏப்ரனிலிருந்து ஸ்டிக்கரை எடுத்து, தன் போன் கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒட்டினார். பிறகு நீட்டப்பட்ட ஒவ்வொரு போனிலும் ஒட்டிக்கொண்டே போனார். வேலை நேரம் முடிந்த பிறகும் கை தன் வேலையைச் செய்தது.

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். "ஏம்மா, இத்தன பேரு பாத்திருக்கீங்க. பட்டன் வரலன்னு ஒருத்தராவது வந்து சொல்றதில்லயா?"

சுலோச்சனாதான் பேசினார், போனைப் பார்த்துக்கொண்டே.

"நானும் ரெண்டு மூணு வாட்டி போட்டுப் பாத்தேன் சார். சூப்பர்வைசருக்கு."

"நீதானேம்மா கம்ப்யூட்டர்ல பாத்து ஓகே போட்ட? அங்க பட்டன் இருந்துச்சு இல்ல? அப்பவே அமுக்கியிருக்கலாமே."

"செக் பண்ற ஷூவ நாங்க போட்டுப் பாக்க மாட்டோம் சார்." ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "வீட்ல போய் என் போன்ல பாத்தா இல்ல. ரிப்பேர்னு நான் நினைக்கல. கம்ப்யூட்டர் வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும் வெச்சிருக்காங்க, எங்கள மாதிரி ஆளுங்களுக்கு இல்லன்னு நினைச்சிக்கிட்டேன். அத வந்து எப்டி சார் கேக்கறது?"

பின்னாலிருந்து ஒரு பெண், "நாங்களும் அப்டித்தான் சார்" என்றாள். அவள் தங்கைக்காகப் பார்த்தாளாம்.

முதலாளி திரும்பி அந்த ரேக்கைப் பார்த்தார். பிறகு லேமினேட் பேப்பரை சுலோச்சனாவிடமிருந்து வாங்கி, பேனாவால் தன் கையெழுத்தை அடித்தார். லேமினேட் மேல் மை ஒட்டவில்லை. இரண்டு தடவை முயற்சி செய்துவிட்டு இரண்டாக மடக்கி செக்யூரிட்டியிடம் கொடுத்தார்.

"ஜான்சி, சரி பண்ண எத்தன நாளாகும்மா?"

"நீங்க ரிஜெக்ட் பண்ணது அப்டியே வெச்சிருக்கேன் சார். அதப் போட்டுட்டா போதும்."

அன்று பஸ்கள் கிளம்பும் முன்னாலேயே போட்டுவிட்டாள். கேட்டில் நின்றபடியே பலர் விண்ணப்பித்தார்கள். மறுநாள் வந்த ஆந்திராகாரர்களுக்கு முதலாளி பிரியாணி போட்டுத் திருப்பி அனுப்பினார். அந்த வாரம் முழுக்க தேவசகாயம் டீ குடிக்கப் போகவில்லை. வேலை ஜாஸ்தி என்று என்னிடம் வந்து புலம்பினார். யூனிட் குடியாத்தத்தில் வந்தது. சுலோச்சனா சூப்பர்வைசர் ஆனார்.

உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். வேலை செய்யாத பக்கத்தைப் பார்க்கும்போது நீங்களும் நானும் பக்கத்தைத் திட்டுவோம். இன்னொரு பிரவுசரில் திறந்து பார்ப்போம். நம்மைத் தவிர மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. அவர்கள் தங்களைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். போன் செய்து புகார் சொல்பவனை எண்ணி பயப்படாதீர்கள். அவன் கெட்டிக்காரன், பிழைத்துக்கொள்வான். பேசாமல் மூடிவிட்டுப் போகிறவரை நினைத்து எனக்கு இன்றைக்கும் மனசு கஷ்டப்படுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். யூனிட் திறந்த கொஞ்ச நாளில் கம்ப்யூட்டர் வைக்க குடியாத்தம் போயிருந்தேன். சுலோச்சனா டீ வாங்கிக் கொடுத்தார். பகலில் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "வெள்ளையடிக்கணும் சார்" என்றார். பிறகு கிளாஸைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். எங்க பொண்ணு பன்னண்டாவதுல நல்ல மார்க்கு. நர்சிங்குக்குப் போடணும்னு ரொம்ப ஆசப்பட்டா. இதே போன்லதான் போட்டோம். எல்லாம் அடிச்சோம், போட்டோகூட ஏத்தினோம். கடைசி பக்கத்துல ஒண்ணுமே வரல. நமக்கு இல்ல போலக்குதுன்னு நான்தான் மூடச் சொன்னேன். அதுக்கப்புறம் ஜவுளிக் கடைக்குப் போய்ட்டா. இப்பவும் அங்கதான் நிக்கறா."

நான் டீயைக் கீழே வைத்தேன்.

"அங்கயும் பட்டன் இருந்திருக்குமா சார்?"